நாவுலவில் இடம்பெயர்ந்தவை

காலநிலை மாற்றம், தண்ணீர்த் தட்டுப்பாடு, இன முரண்பாடு, வேளாண்மை நெருக்கடி போன்றவை ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும் இக்காலத்தில், சமூகம், அறிவு, பண்பாடு ஆகிய மூன்றையும் மீள்சிந்தனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது கருத்தரங்குதோறும் கேட்கும் வாசகமாகிவிட்டது. ஆயினும் அந்த மீள்சிந்தனையை எந்தக் கல்லில், எந்த மண்ணில் தொடங்குவது என்று கேட்டால் மேடைகள் பெரும்பாலும் மௌனமாகிவிடுகின்றன. இலங்கையில் மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ9 வீதியில், ஆண்டுக்கு 1750 முதல் 2500 மில்லிமீற்றர் வரை மழை பெறும் இடை வலயத்தில், அதாவது மலைநாட்டின் ஈர வலயத்துக்கும் வடக்கே விரியும் உலர் வலயத்துக்கும் நடுவில் அமைந்துள்ள நாவுல பிரதேசம் அதற்கு ஏற்ற இடம். கடந்த இரு நூற்றாண்டுகளில் இப்பகுதியின் வழியாக ஒரு பெரும் மக்கள்திரள் கால்நடையாகக் கடந்து போயிருக்கிறது. ஒரு கோயில் கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டிருக்கிறது. பல கிராமங்கள் நீர்த்தேக்கத்துக்காக எழுப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இடப்பெயர்விலும் எது கணக்கில் எடுக்கப்பட்டது, எது விடுபட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கோயில். நாவுலவுக்குச் சற்றுத் தெற்கே, ஏ9 வீதியிலிருந்து கிழக்கே பிரியும் பாதையின் முடிவில் நாலந்தா கெடிகே நிற்கிறது. வளைகூரை கொண்ட பிரதிமை மனையைச் சிங்களத்தில் ‘கெடிகே’ என்பர். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென ஆய்வாளர்கள் கருதும் இக்கட்டடம் முழுவதும் கருங்கல்லால் ஆனது. மாமல்லபுரத்தைக் கண்டவர்களுக்கு இதன் தோற்றம் புதிதாக இராது. முன்மண்டபம், கருவறை, அதற்கு மேல் எழும் விமானம், விமானத்தில் குதிரை இலாட வடிவில் வளைந்து நடுவில் முகமோ உருவமோ தாங்கும் ‘கூடு’ என்னும் அலங்காரம் ஆகிய அனைத்தும் பல்லவர் காலத் தமிழகக் கட்டடக்கலையின் இலக்கணத்தைப் பின்பற்றுகின்றன. அவ்வாறிருந்தும் இது பௌத்த வழிபாட்டோடு தொடர்புடைய இடமாகவே அறியப்படுகிறது. கட்டியவர் யார், முதலில் எந்தச் சமயத்துக்காகக் கட்டினார் என்னும் கேள்விகளை ஆய்வாளர்கள் பலவாறு விவாதித்திருக்கின்றனர். ஆனால் ‘இது இந்துக் கோயிலா, பௌத்த விகாரையா’ என்று ஒற்றை விடை கோரும் அவசரம் பிற்காலத்துக்கு உரியது. கற்களை அடுக்கிய சிற்பிகள் அத்தகைய பதிவேடு எதையும் வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

இக்கட்டடம் முன்பு தாழ்ந்த நிலத்தில், வயல்களை ஒட்டி நின்றது. மகாவலி நதியின் நீரைப் பொல்கொல்லவில் மறித்து, சுரங்கவழி உக்குவெல மின்நிலையத்துக்கும், அங்கிருந்து சுது கங்கை, அம்பன் கங்கை வழியாக வடக்கே போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்கும் கொண்டு செல்லும் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, கெடிகே நின்ற நிலம் நீரில் மூழ்கும் என்பது தெளிவாயிற்று. ஆகவே 1970களில் தொடங்கி 1980ஆம் ஆண்டளவில், கட்டடம் முழுவதும் பிரிக்கப்பட்டு, உயர்த்தப்பட்ட மேடை நிலமொன்றில் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது.

எகிப்தில் அஸ்வான் உயர் அணைக்காக அபு சிம்பெல் கோயில்கள் 1964 முதல் 1968 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுக்கப்பட்டு மேட்டில் மீண்டும் பொருத்தப்பட்டதும், ஆந்திராவில் நாகார்ஜுனசாகர் அணையால் மூழ்கவிருந்த நாகார்ஜுனகொண்டாவின் பௌத்தச் சின்னங்கள் குன்றுக்கும் கரைக்கும் மாற்றப்பட்டதும் இதே வகையான முயற்சிகள். அபு சிம்பெலைக் காக்க யுனெஸ்கோவின் அழைப்பில் பல நாடுகள் நிதி திரட்டின. அதே அணையால் எகிப்தில் மட்டும் சுமார் 50,000 நூபிய மக்கள் தம் நதிக்கரையை இழந்து வேறிடம் அனுப்பப்பட்டனர். அவர்களின் பேரீச்சந்தோப்புகளையும், நைலின் ஏற்ற இறக்கத்தோடு இயைந்த பயிர்முறையையும் எந்தப் பொறியியலாளராலும் மேட்டில் மீண்டும் பொருத்த முடியவில்லை. கல்லைப் பெயர்க்கும் கலை நவீன உலகுக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது.

போவத்தென்னவில் சேரும் நீரின் ஒரு பகுதி மீண்டும் சுரங்கவழியே வடமேற்காகச் சென்று கலா வெவ என்னும் பெருங்குளத்தை அடைகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் மன்னன் தாதுசேனன் கட்டியதாகச் சொல்லப்படும் அக்குளத்திலிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொண்டு செல்லும் ஜய கங்கை என்ற கால்வாய் ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் தொடக்கப் பகுதியில் சாய்வு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய பத்துச் சென்ரிமீற்றர் மட்டுமே. இருபதாம் நூற்றாண்டின் சுரங்கம் முடியும் இடத்திலிருந்து ஐந்தாம் நூற்றாண்டின் கால்வாய் வேலையைத் தொடர்கிறது என்பது பொறியியல் வரலாற்றில் அரிதான காட்சி. நவீன அறிவுக்கும் மரபறிவுக்கும் இடையே பகை இருந்தாக வேண்டும் என்று வாதிடுவோர் இந்த நீர்வழியை ஒருமுறை பின்தொடர்வது நல்லது.

ஆனால் பெருங்கால்வாய்களைவிட நுட்பமான அறிவு சிறுகுளங்களில் இருந்தது. நாவுலவுக்கு வடக்கே உலர் வலயம் முழுவதும், ஒரு சிற்றோடையின் வடிநிலத்தில் மேலிருந்து கீழாகப் பல குளங்கள் சங்கிலிபோல் அமைந்திருக்கும். மேற்குளத்தின் வயல்களில் பாய்ந்து வடிந்த நீர் அடுத்த குளத்தில் தங்கி மீண்டும் பாசனத்துக்கு வரும். இத்தொடரைச் சிங்களத்தில் ‘எல்லங்காவ’ என்பர். இதனை ஒரு முழு அமைப்பாக 1985இல் புலமையுலகுக்கு விளக்கியவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மத்தும பண்டார. குளத்தின் மேற்புறத்தில் காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும் மரவரிசையான ‘கஸ்கொம்மன’, வண்டலை வடிகட்டும் புல்வெளியான ‘பெரஹன’, அணைக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே உப்பை உறிஞ்சிக்கொள்ளும் செடிகொடிகள் நிறைந்த ‘கட்டகடுவ’ என ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயரும் பணியும் இருந்தன. வெறும் புதர் என்று ஒரு நில அளவையாளர் குறித்துக்கொள்ளக்கூடிய இடம், நெல்லை உவர்ப்பிலிருந்து காக்கும் அரணாக இருந்தது.

இதைவிடக் கூர்மையானது ‘பெத்ம’ என்ற ஏற்பாடு. மழை பொய்த்து, குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது என்று தெரிந்தால், குளத்துக்கு அண்மையிலுள்ள வயற்பகுதி மட்டும் பயிரிடப்படும். அந்தப் பகுதியும் அதன் உரிமையாளர்களுக்கு மட்டும் உரியதாக இராமல், அந்தப் போகத்துக்கு மட்டும் ஊரார் அனைவருக்கும் அவரவர் காணியின் அளவுக்கேற்பப் பிரித்துக் கொடுக்கப்படும். தனியுடைமை என்ற கருத்தைப் பஞ்சகாலத்தில் தற்காலிகமாக நிறுத்திவைத்துப் பின்னர் மீட்டுக்கொள்ளும் இந்த ஒழுங்கைச் சட்டநூல்களில் தேடினால் எளிதில் கிடைக்காது. தண்ணீர் குறையும்போது யார் முதலில் இழப்பது என்பது உலகெங்கும் பேசப்படும் இந்நாளில், எல்லோரும் சற்றே இழப்பது என்று முடிவெடுத்த கிராமங்கள் ஆராயத்தக்கவை.

அந்த ஒழுங்கு ஒரே நாளில் சிதையவில்லை. பிரித்தானிய அரசின் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாயச் சேவை நீக்கப்பட்டபோது, அடிமைத்தனத்தின் சாயல் ஒன்று ஒழிந்தது உண்மையே. அதோடு குளங்களைப் பராமரிக்க ஊரைக் கூட்டும் அதிகாரமும் போயிற்று, அதற்கு மாற்றாக எதுவும் வரவில்லை. 1840இன் முடிக்குரிய நிலங்கள் பற்றிய சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும், காட்டை எரித்துப் பயிரிடும் சேனை நிலத்தையும் அரசுக்குரியதாக்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு வழிதிறந்தது. 1958இன் நெற்காணிச் சட்டம் ‘வெல் விதானே’ என்ற நீர்ப்பங்கீட்டுத் தலைவரின் அதிகாரத்தை முடித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. நோக்கம் சனநாயகமானது. ஆயினும் எந்த மதகை எப்போது திறப்பது என்ற நினைவு பதவியோடு ஒட்டியிருந்தபடியால், பதவி போனபோது நினைவும் பல ஊர்களில் உதிர்ந்துவிட்டது.

இங்கே இரண்டாவது இடப்பெயர்வு, தமிழ் வாசகருக்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதி, வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிய கூலித் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளையும் தம்புள்ளையையும் கடந்து, நாலந்தா வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். 1880இல் மாத்தளைக்குப் புகைவண்டி வரும்வரை மாத்தளையிலிருந்து மேலே மலைக்கும் நடைதான். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் இறந்தவர்கள் மிகப் பலர். அவர்களின் புதைகுழிகள் இன்று அடையாளம் இல்லாதவை. தொழிலாளி தோட்டத்துக்குப் பட்ட கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாக எழுதிக் கொடுக்கும் சீட்டைத் ‘துண்டு’ என்பர். 1921இல் ஒழிக்கப்படும்வரை மனிதரின் பெறுமதி அந்தத் துண்டில்தான் எழுதப்பட்டிருந்தது. கடன் கணக்கில் ஏறியது. வேறொன்று ஏறவில்லை.

இவர்கள் வந்த ஊர்களும் குளத்தின் ஊர்களே. இராமநாதபுரத்துக் கண்மாய்களும் புதுக்கோட்டை ஏரிகளும், எல்லங்காவ போலவே, மேற்கண்மாய் நிரம்பிக் கீழ்க்கண்மாய்க்கு வழிந்தோடும் தொடர்களாக அமைந்தவை; அங்கே மதகைத் திறந்து அடைக்கும் நீர்ப்பாய்ச்சியும், வாய்க்கால் தூர்வாரும் ஊர் உழைப்பான குடிமராமத்தும் இருந்தன. அதாவது ஒரு குளத்தறிவு கொண்ட மக்கள், இன்னொரு குளத்தறிவு வாழ்ந்த நிலத்தின் ஊடாக நடந்து போய், குளமே தேவைப்படாத மலைச்சரிவில் முதலில் கோப்பிக்கும், 1869க்குப் பிறகு இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலைக்கும் அமர்த்தப்பட்டனர். இரு அறிவுகளும் ஒரே வீதியில் எதிர்ப்பட்டும் ஒன்றையொன்று விசாரிக்கவில்லை. விசாரிக்கும் நிலையில் எவரும் இல்லை என்பதே உண்மை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியபோது, ‘கூலிகள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் உழவரும் நீர்ப்பாய்ச்சியும் இருந்தனர் என்பதைச் சொல்ல அன்றைய விவாதத்தில் இடமிருக்கவில்லை.

மூன்றாவது இடப்பெயர்வு அண்மைக்காலத்தது. மகாவலிப் பெருந்திட்டத்தில் 1960களிலேயே குறிக்கப்பட்டிருந்த மொரகஹகந்த அணை, நாவுலவுக்குக் கிழக்கே அம்பன் கங்கையின் குறுக்கே கட்டப்பட்டு, 2017 ஜனவரியில் நீர் நிரப்பப்படத் தொடங்கியது. 2018 ஜனவரியில் 25 மெகாவாற் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 521 மில்லியன் கனமீற்றர் கொள்ளளவுடைய இந்நீர்த்தேக்கத்தால் வட மத்திய மாகாணத்தின் வறண்ட குளங்கள் பல பயனடையும் என்பதில் ஐயமில்லை. இதற்காக நாவுல, லக்கல பகுதிகளின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புதிய குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. வீடு, காணி, பயன்தரு மரங்கள் ஆகியவற்றுக்கு மதிப்பீடு செய்ய முறை உண்டு. எந்தச் சரிவில் எந்த மாதம் சேனைக்குத் தீ வைக்கலாம், யானை எந்தத் தடத்தில் இறங்கும், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பவற்றுக்கு மதிப்பீட்டுப் படிவத்தில் நிரல் இல்லை. புதிய இடத்தின் மண்ணில் அவை பயன்படா என்பதால் அவற்றைக் கேட்டறிய வேண்டும் என்றுகூட எவருக்கும் தோன்றுவதில்லை.

மரபறிவை மதிக்கிறோம் என்ற பெயரில் நிகழ்ந்த எதிர்மாறான பிழையும் உண்டு. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, முழு நாடும் சேதன வேளாண்மைக்கு, அதாவது செயற்கை உரமற்ற பயிர்முறைக்கு, ஒரே போகத்தில் மாற வேண்டும் என்று பணிக்கப்பட்டது. நெல்விளைச்சல் சரிந்தது, தடை அவ்வாண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. மூதாதையர் உரமின்றிப் பயிரிட்டனர் என்பது மெய்; ஆனால் அவர்கள் மாட்டையும் தரிசையும் காட்டையும் பெத்மவையும் சேர்த்தே வைத்திருந்தனர். அவற்றில் ஒன்றை மட்டும் அரசாணையால் திரும்ப அழைப்பது மரபைப் போற்றுவதாகாது.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு கிழக்கில் உள்ளது. கல்லோயா இடதுகரைப் பாசனத்தில் 1981 முதல், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, இளம் பட்டதாரிகளை ஊர்களில் தங்கவைத்து விவசாயிகள் தாமே குழுக்களாகக் கூட உதவின. மேற்பகுதியின் சிங்கள விவசாயிகள் வாய்க்காலைத் தூர்வாரி, முறைவைத்து நீர் எடுத்து, கடைமடைக்கும் தண்ணீர் விட்டனர். கடைமடையில் தமிழ் விவசாயிகளும் இருந்தனர். நாட்டில் இனப்பகை வெடித்த அதே ஆண்டுகளில் இது நடந்தது என்பதை கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப் 1992இல் வெளியிட்ட நூல் விரிவாகப் பதிவுசெய்கிறது. அங்கே எவரும் நல்லிணக்கம் பற்றிப் பாடம் நடத்தவில்லை. வாய்க்காலின் வாயில் கூடி நின்றார்கள்.

இலங்கையின் உலர் வலயக் குளத்தொடர்க் கிராம முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017இல் அங்கீகரித்தது. மொரகஹகந்தவில் நீர் ஏறத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். மூழ்கிய வயல்களை உழுத கைகள் பல புதிய குடியேற்றங்களில் இன்னும் இருக்கின்றன. மன்னாரிலிருந்து பாட்டன் நடந்து வந்த கதையைக் கேட்டு வளர்ந்த முதியோர் மாத்தளைத் தோட்டங்களிலும் சிலர் இருக்கின்றனர். இவ்விரு தரப்பாரிடமும் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டு எழுதிவைக்கும் வேலையை அயலிலுள்ள பாடசாலைகளும் பல்கலைக்கழக மாணவரும் அணைக்கட்டுக்கான செலவில் ஒரு துளிகூட இன்றிச் செய்துவிடலாம். அம்முதியோருக்கு வயது எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருக்கிறது.