உலோகக் கண்டறி கருவியை ஏந்துவோர்: அங்கு பொழுதுபோக்கு, இங்கு பிழைப்பு

2025 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20 ஆம் திகதி, சம்பூர் கடற்கரையை அண்டிய பகுதியில் மிதிவெடி அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தவர்கள் மனித எலும்புகளைக் கண்டனர். மூதூர் நீதிவானின் கவனத்துக்கு விடயம் கொண்டுவரப்பட்டு, அவ்விடத்தில் நடைபெற்றுவந்த வேலை இடைநிறுத்தப்பட்டது. அந்த எலும்புகள் யாருடையவை, எக்காலத்தவை என்பன நீதிமன்றமும் சட்ட வைத்தியத் துறையும் தீர்க்க வேண்டிய வினாக்கள். அவை பற்றி அந்நாட்களில் நிறையவே எழுதப்பட்டது. ஆனால் அவற்றைக் கண்டெடுத்த தொழிலாளர்களைப் பற்றி, அவர்கள் எத்தகைய வேலையைச் செய்கிறார்கள், அதற்கு முன்னர் என்ன செய்தார்கள், அதன் பின்னர் என்ன செய்யப்போகிறார்கள் என்பது பற்றி அதிகம் பேசப்படவில்லை.

அவர்கள் கையிலிருக்கும் கருவி உலகின் வேறு பகுதிகளில் பொழுதுபோக்குச் சாதனமாகும். பிரித்தானியாவில் வார இறுதி நாட்களில் உலோகக் கண்டறி கருவியொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, உழுத வயல்களில் பழைய நாணயம் தேடி நடப்போர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்கள் யாரென்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1992 ஆம் ஆண்டு நவம்பரில் ஹொக்ஸ்ன் என்னும் கிராமத்தில் ஏறத்தாழ 15,000 ரோமானிய நாணயங்களைக் கண்டெடுத்த எரிக் லோஸ் ஓய்வுபெற்ற தோட்டக்காரர். அவர் தேடிச் சென்றதோ நண்பரான விவசாயி வயலில் தொலைத்துவிட்ட சுத்தியலை. சுத்தியலும் கிடைத்தது. இன்று அது புதையலோடு சேர்த்துப் பிரித்தானிய அரும்பொருட் காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது. 2009 இல் ஸ்டஃபர்ட்ஷயரில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பொற்குவியலைக் கண்ட டெரி ஹேர்பேர்ட் அப்போது வேலையற்றிருந்தவர். அதன் பெறுமதி 32 இலட்சத்து 85 ஆயிரம் பவுண் என மதிப்பிடப்பட்டு, அவருக்கும் காணிச் சொந்தக்காரருக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. 2010 இல் புரூமில் 52,503 நாணயங்கள் அடங்கிய பானையைக் கண்ட டேவ் கிறிஸ்ப் வைத்தியசாலையொன்றின் சமையற்காரர்.

இந்த மூவருள் முதலாமவரும் மூன்றாமவரும் செய்த ஒரு காரியத்தை இங்கு குறித்துக்கொள்ள வேண்டும். தாம் கண்டது சாதாரணமானதல்ல என்று உணர்ந்ததும் அவர்கள் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியலாளரை வரவழைத்தனர். பொருள்கள் எந்த அடுக்கில், எந்த ஒழுங்கில் கிடந்தன என்பது அதனால்தான் பதிவாயிற்று. 1996 ஆம் ஆண்டின் புதையற் சட்டம் கண்டெடுத்ததை 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது. 1997 இல் தொடங்கிய பதிவுத் திட்டத்தின் கீழ் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கு பதியப்பட்டுள்ளன. தோட்டக்காரரும் சமையற்காரரும் வரலாற்றுக்குச் சாட்சிகளாக முடிந்ததென்றால், அதற்கு அவர்களது ஆர்வம் மாத்திரம் காரணமல்ல. வழிகாட்டும் சட்டமும் உரிய வெகுமதியும் அங்கு இருந்தன.

இக்கருவியின் பிறப்பு வரலாறு சற்றுச் சுவையானது. 1881 இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேடுவதற்குத் தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹம் பெல் ஒரு கருவியை அமைத்தார். குண்டு அகப்படவில்லை. கட்டிலின் உலோகச் சுருள்கள் குழப்பிவிட்டன என்று பின்னர் காரணம் கூறப்பட்டது. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த போலந்து இராணுவ அதிகாரி யோசெப் கொசாட்ஸ்கி, ஒருவர் தனியே ஏந்திச் செல்லக்கூடிய மிதிவெடிக் கண்டறி கருவியை வடிவமைத்தார். 1942 இல் எல் அலமெய்ன் பாலைவனச் சமரில் அது பயன்பட்டது. யுத்தம் முடிந்ததும் படைகளிடம் மிஞ்சிய கருவிகள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. அவற்றை வாங்கியோரிடமிருந்தே இப்பொழுதுபோக்கு பரவியது. ஆக, வெடி தேடப் பிறந்த கருவி அங்கு நாணயம் தேடப் போயிற்று. நமது மண்ணில் அதற்குப் பிறவிப் பணியே இன்னும் எஞ்சியிருக்கிறது.

பொழுதுபோக்காக இதனை ஏந்தித் திரிவதற்கு இலங்கையில் இடமில்லை என்றே சொல்லலாம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணுக்குள் கண்டெடுக்கப்படாதிருக்கும் தொல்பொருள்கள் அரசின் சொத்து. தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குத் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. ஆகவே இங்கு இக்கருவி பத்திரிகையில் இடம்பெறுவது பெரும்பாலும் பொலிஸ் செய்திகளில்தான். ‘புதையல் தோண்டிய ஐவர் ஸ்கேனர் இயந்திரத்துடன் கைது’ என்ற தலைப்பு வாசகர்களுக்குப் பழகிப்போனது. பூசைப் பொருள்களும் மண்வெட்டியும் கூடவே கைப்பற்றப்பட்டிருக்கும். வன்னியில் புலிகள் புதைத்த தங்கம் இருப்பதாகக் கிளம்பும் கதைகளும் அவ்வாறே. நீதிமன்ற அனுமதியுடன் பொலிஸாரும் படையினரும் தோண்டிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் குழியை மூடிச் சென்ற சந்தர்ப்பங்கள் பல.

சட்டபூர்வமாக, நாள் முழுவதும், சம்பளத்துக்கு இக்கருவியை ஏந்துவோர் மிதிவெடி அகற்றுநர்களே. இலங்கை இராணுவத்தின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவு ஒருபுறம். மெக் எனப்படும் மிதிவெடி ஆலோசனைக் குழு, ஹலோ ட்ரஸ்ட் ஆகிய சர்வதேச நிறுவனங்களும், டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு நிறுவனங்களும் மறுபுறம். சிவில் நிறுவனங்களில் வேலை செய்வோர் வேறெங்கிருந்தோ வந்த நிபுணர்களல்லர். பெரும்பாலும் அதே மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். வயல் செய்தவர்கள், கூலிக்குப் போனவர்கள், கடற்றொழில் பார்த்தவர்கள், பாடசாலைப் படிப்பை இடப்பெயர்வு குலைத்துவிட்டவர்கள். வடக்கில் கணிசமானோர் பெண்கள். அவர்களிற் பலர் யுத்தத்தில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குவோர்.

வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது தகும். அதிகாலையிலேயே களத்துக்குச் செல்ல வேண்டும். முகத்தை மூடும் தடித்த கண்ணாடித் தகடு, மார்பையும் தொடையையும் காக்கும் கனத்த அங்கி. நிலம் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலமான ஒடுங்கிய பாதைகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொருவருக்கும் ஒரு பாதை. பக்கத்திலிருப்பவர் குறிப்பிட்ட தூரத்துக்குள் வரக்கூடாது. முதலில் புல்லையும் பற்றையையும் வெட்டி, பின்னர் கருவியை நிலத்துக்குச் சற்று மேலாக மெல்ல அசைத்துச் செல்ல வேண்டும். கருவியின் வளையத்திலுள்ள கம்பிச் சுருளில் பாயும் மின்னோட்டம் ஒரு காந்தப் புலத்தை எழுப்புகிறது. அப்புலம் மண்ணுக்குள்ளிருக்கும் உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அது திருப்பி எழுப்பும் புலத்தையே கருவி ஒலியாக அறிவிக்கிறது. ஆனால் கருவிக்கு மிதிவெடிக்கும் மீன் டின்னுக்கும் வேறுபாடு தெரியாது. யுத்தம் நடந்த நிலத்தில் ரவைக்கோதுகளுக்கும் எறிகணைச் சிதறல்களுக்கும் குறைவில்லை. ஒவ்வோர் ஒலிக்கும் மண்டியிட்டு, ஒலி வந்த இடத்துக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டாகச் சுரண்டிப் பார்த்தாக வேண்டும். நூறு முறை ஆணி என்றால் நூற்றோராவது முறையும் அதே நிதானம் வேண்டும். இந்தத் தொழிலின் முழுக் கடினமும் அதிலேயே இருக்கிறது.

இலங்கை மண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு. பாகிஸ்தானில் தயாரிக்கப்பட்டு இராணுவத்தால் பெருமளவிற் புதைக்கப்பட்ட பி-4 ரக மிதிவெடியில் உலோகம் மிகச் சொற்பம். புலிகள் உள்ளூரிலேயே செய்த ஜொனி ரக வெடிகளோ மரப்பெட்டிகள். கனிமம் செறிந்த மண்ணில் கருவி இத்தகைய வெடிகளைத் தவறவிடக்கூடும். இதன் காரணமாகவே நீண்ட பிடியும் பற்களும் கொண்ட இரும்பு வாரிகளால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரி எடுத்து, நிலம் முழுவதையும் குறித்த ஆழம் வரை புரட்டிப் பார்க்கும் முறை இந்நாட்டில் வளர்ச்சி பெற்றது. மிகத் தாமதமான, இடுப்பை ஒடிக்கும் வேலை. ஆனால் மண்ணில் கிடக்கும் எதனையும் அது தவறவிடுவதில்லை.

சம்பூரில் எலும்புகள் கண்ணிற் பட்டதன் பின்னணியும் இந்நிதானந்தான். அண்மைக் காலத்தில் வெளிவந்த ஏனைய புதைகுழிகளை எண்ணிப் பாருங்கள். 2018 இல் மன்னார் சதொச வளவில் கட்டட வேலை, 2023 இல் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கும் வேலை, 2025 பெப்ரவரியில் செம்மணிச் சித்துப்பாத்தியில் தகன மேடைக்கான வேலை. அங்கெல்லாம் முதலில் கண்டவர்கள் வேறு காரியத்துக்காக மண்ணைக் கிளறியவர்கள். இயந்திரம் ஒருமுறை அள்ளினால் எலும்புகள் கிடந்த ஒழுங்கு கலைந்துபோகும். சம்பூரில் கண்டவர்களோ நிதானமாகச் சுரண்டுவதற்கும், ஐயம் தோன்றிய கணமே கையை எடுப்பதற்கும் பயிற்றப்பட்டவர்கள். புரூமின் சமையற்காரர் தம் விருப்பத்தால் செய்ததை இவர்கள் தொழில் ஒழுங்காகவே செய்கிறார்கள்.

சம்பூர் நிலத்துக்கு இவர்களின் சேவை எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அறிய, கடந்த இருபதாண்டுகளை நினைவுகூர்ந்தால் போதும். 2006 ஏப்ரல் இறுதியில் நடத்தப்பட்ட விமானக் குண்டுவீச்சுடன் மூதூர் கிழக்கு மக்களின் ஓட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூர் நகரில் மூண்ட சமரால் முஸ்லிம்கள் கந்தளாய்ப் பக்கம் பெயர்ந்தனர். செப்டெம்பரில் சம்பூர் அரச படைகளின் வசமாயிற்று. 2007 இல் அது உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பின்னர் முதலீட்டு வலயம் என்ற பெயரில் 818 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. மக்களோ கிளிவெட்டி முதலான முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அந்த ஒதுக்கீடு 2015 இல் இரத்துச் செய்யப்பட்டது. 2016 இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது. இந்தியாவுடன் இணைந்து அமைக்கவிருந்த அனல்மின் நிலையம் அதே ஆண்டில் கைவிடப்பட்டு, அதன் இடத்தில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி ஆரம்பித்து வைக்கப்பட்டது. கமமோ மின் நிலையமோ எதுவாயினும், கொட்டியாரக் குடாவின் இக்கரையில் முதற் காலடி வைக்க வேண்டியவர் மிதிவெடி அகற்றுநரே. தமிழரின் வயலும் முஸ்லிம்களின் மேய்ச்சல் நிலமும் அடுத்தடுத்துக் கிடக்கும் மூதூர்ப் பிரதேசத்தில், எவரின் காணியில் கிடக்கும் வெடியும் அடுத்தவரின் மாட்டையும் பிள்ளையையும் சேர்த்தே அச்சுறுத்துவது.

இத்தொழிலிலும் படிகள் உண்டு. அகற்றுநராகச் சேர்ந்தவர் குழுத் தலைவராகலாம், களமேற்பார்வையாளராகலாம், வெடிபொருளை அழிக்கும் பயிற்சி பெறலாம். முதலுதவியாளர், நிலத்தை அளந்து வரைபடம் கீறுபவர், பாடசாலைகளுக்குச் சென்று ஆபத்தை விளக்குபவர் என்று கிளைகளும் உள்ளன. ஆயினும் ஏனைய உத்தியோகங்களுக்கு இல்லாத ஒரு விசித்திரம் இதற்கு உண்டு. வேலையைச் செவ்வனே செய்து முடித்தால் வேலை போய்விடும். மட்டக்களப்பு மாவட்டம் 2017 இல் மிதிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. அம்மாவட்ட மக்களுக்கு அது மகிழ்ச்சி நாள். அங்கு கருவி பிடித்தவர்களுக்கோ அது வேறு வேலை தேட வேண்டிய நாளாகவும் இருந்தது. மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் 2017 டிசம்பரில் இணைந்த இலங்கை, 2028 ஜூன் 1 ஆம் திகதிக்குள் தன் நிலத்தைத் துப்புரவாக்கும் கடப்பாட்டை ஏற்றது. அத்தேதி பின்தள்ளப்படுவதும் படாததும் வேறு விடயம். இத்தொழிலுக்கு முடிவுத் தேதி ஒன்று உண்டென்பது மட்டும் நிச்சயம்.

முடிவு சில வேளை முன்னறிவிப்பின்றியும் வரும். சம்பளம் வெளிநாட்டு நன்கொடையிலிருந்து வருகிறது. 2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது, உலகெங்கும் மிதிவெடி அகற்றலுக்கான அமெரிக்க நிதியும் அதிற் சிக்கியது. வொஷிங்டனில் இடப்பட்ட ஒரு கையொப்பம் முகமாலைப் பற்றைக்குள் மண்டியிட்டிருப்பவரின் மாத வருமானத்தைத் தொடுகிறது.

இவர்களுக்கு அடுத்த தொழில் என்ன என்ற கேள்வியை அரசாங்கம் இப்போதே கையிலெடுக்க வேண்டும் என்பது நமது கருத்து. தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுத்து அனுப்புவது புனர்வாழ்வாகாது. பத்து, பதினைந்து ஆண்டுகள் மண்ணை வாசித்துப் பழகிய கைகள் அவை. தொல்பொருள் திணைக்களத்துக்கு அகழ்வுப் பணியாளர் தேவை. செம்மணி போன்ற இடங்களில் நீதிமன்ற மேற்பார்வையில் நடைபெறும் அகழ்வுகளுக்கு நிதானமும் பதிவு ஒழுங்கும் தெரிந்த உதவியாளர் தேவை. வெடிபொருள் மிஞ்சிய நிலத்தில் வீதியும் குழாயும் அமைப்போருக்கு முன்கூட்டியே நிலத்தைச் சோதித்துத் தருபவர் தேவை. தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழ் முறையின் கீழ் இவ்வனுபவத்தை மதிப்பிட்டு, நிலைக்குத் தக்க சான்றிதழ் வழங்குவதற்கு இலட்சக்கணக்கில் செலவாகப் போவதில்லை. அதற்கு முதற்படியாக, தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையமும் தொல்பொருள் திணைக்களமும் ஒரு மேசையில் அமர வேண்டும். சான்றிதழில்லாத திறமைக்கும் வாங்குவோர் உண்டு. ஸ்கேனரை இயக்கத் தெரிந்த ஆளைத் தேடி இரவில் வாகனத்துடன் வருபவர்களுக்கு, அந்த ஆளின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பது நன்றாகவே தெரிந்திருக்கும்.