உங்களுக்குத் தெரியுமா? அரிவாள் செல் நோயும் விழித்திரையும்

அரிவாள் செல் நோயில் விறைத்து வளைந்த சிவப்பணுக்கள் விழித்திரையின் ஓரத்திலுள்ள நுண்குழாய்களை அடைப்பதால், உயிர்வளி கிடைக்காத அவ்விடத்தின் எல்லையில் கடல்விசிறிப் பவளத்தின் வடிவில் வலுவற்ற புதிய இரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அவை கசிந்தால் கண்ணின் உட்புறத்தில் இரத்தம் பரவிப் பார்வை மறைவதும், அவற்றின் இழுப்பால் விழித்திரை பிரிவதும் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் 'எஸ்' ஹீமோகுளோபின் மரபணுவைப் பெற்றுக் கடும் இரத்தச்சோகைக்கு ஆளாவோரைவிட, ஒருவரிடமிருந்து 'எஸ்', மற்றவரிடமிருந்து 'சி' எனப் பெற்று, பொதுவாக மென்மையான நோயுடன் வாழ்வோருக்கே இக்கேடு மிகுதியாக நேர்வது வியப்புக்குரியது. இவ்வகை மேற்கு ஆப்பிரிக்க வழியினரிடம் பெரிதும் காணப்படுகிறது. 1971இல் கண் மருத்துவர் மார்ட்டன் கோல்ட்பெர்க் ஐந்து நிலைகளாக வகுத்த இவ்விழித்திரைப் பாதிப்பின் தொடக்க நிலைகளில் பொதுவாகப் பார்வை மங்குவதில்லையாதலால், அரிவாள் செல் நோயுள்ளோர் குறையேதும் தோன்றாவிடினும் 10 வயது முதல் கண்மணியை விரிவாக்கிச் செய்யும் விழித்திரைச் சோதனையைத் தவறாது மேற்கொள்ள வேண்டும்.