நீதிமொழிகள் நூலின் 'மகன்' யார்?

வாழ்க்கைக்கான நடைமுறை அறிவையும் நன்மை தீமை பற்றிய விசாரணையையும் பொருளாகக் கொண்ட பண்டைய எபிரேய நூல்களான நீதிமொழிகள், யோபு, பிரசங்கி ஆகியவற்றை அறிஞர்கள் ஞான இலக்கியம் என வழங்குகின்றனர். இவற்றுள் நீதிமொழிகள் நூலின் முதல் ஒன்பது அதிகாரங்களில் 'என் மகனே' என்னும் விளி திரும்பத் திரும்ப வருவதால், அந்த மகன் பெற்ற பிள்ளையா, ஆசிரியரிடம் பயிலும் மாணவனா என்ற கேள்வி நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது.

அரசவைப் பணிக்குப் பயிற்சி பெற்ற இளைஞரே அந்த 'மகன்', அதாவது நூலின் வாசகர், என்பது ஒரு தரப்பு. யூதாவின் அரசர் எசேக்கியாவின் ஆட்கள் நீதிமொழிகளைத் தொகுத்ததாக 25ஆம் அதிகாரம் கூறுவதும், தானியக் கணக்கைக் கவனித்த ஆமெனெமோப் என்னும் எகிப்திய அதிகாரி தம் இளைய மகனுக்கு உரைப்பதாக அமைந்த போதனை நூலுக்கும் நீதிமொழிகளின் ஒரு பகுதிக்கும் உள்ள நெருக்கத்தை 1924இல் அடால்ஃப் எர்மான் எடுத்துக்காட்டியதும் இத்தரப்புக்கு வலுச் சேர்த்தன. கிளாவுஸ் வெஸ்டர்மானும் ஃப்ரீடெமான் கோல்காவும் இதை மறுத்து, ஆப்பிரிக்கப் பழமொழிகளோடு ஒப்பிட்டு, இம்மொழிகளுள் பல சாதாரண மக்களின் வாயில் பிறந்தவை என்றனர்.

ஆனால் ஒரு மொழி பிறந்த இடம் வேறு, அது நூலில் ஏறியபின் அதைப் படித்தவர் வேறு. 27ஆம் அதிகாரத்தின் இறுதியில் ஆட்டு மந்தையை நன்கு கவனிக்குமாறு கூறும் பகுதி முதல் பார்வைக்கு இடையனுக்குச் சொன்னதாகவே தோன்றும். ஆனால் அங்கே பேசப்படுபவன் ஆடுகளை விற்று வயல் வாங்கக்கூடியவன், வீட்டில் பணிப்பெண்களை வைத்திருப்பவன். ஏழைகளைப் பற்றிய அறிவுரைகளும் பெரும்பாலும் ஏழையை நோக்கிப் பேசாமல், அவனுக்கு இரங்கக்கூடிய, அல்லது அவனை ஒடுக்கக்கூடிய நிலையில் உள்ளவனை நோக்கியே பேசுகின்றன. ஆகவே இந்நூலை ஓரளவு வசதி படைத்த வீட்டு இளைஞனுக்கு உரியதாகக் கொள்வதே பொருத்தம். அதே வேளையில், தந்தையோடு தாயின் போதனையும் சேர்த்துச் சொல்லப்படுவதும், லேமுவேல் என்னும் அரசனுக்குத் தாயே அறிவுரை கூறுவதும், கல்விக்கூடம் மட்டுமே இதன் களம் என்ற முடிவுக்கு இடம் தரவில்லை. பேதையரோடு ஞானிகளும் கேட்டுத் தேறட்டும் என்று முன்னுரையே வட்டத்தை விரிக்கிறது.

கி.மு. 180ஐ ஒட்டி எருசலேமில் ஞான நூல் ஒன்றை எழுதிய பென் சீராவிடம் இந்த வாசகர் இன்னும் தெளிவாகத் தென்படுகிறார். உழவரும் கொல்லரும் குயவரும் இன்றி நகரம் இயங்காது என்று மதிப்போடு ஒப்புக்கொள்ளும் அவர், ஓய்வு வாய்த்தவருக்கே ஞானம் கைகூடும் என்று கூறி, கல்லாதோரைத் தம் கல்விக்கூடத்துக்கு அழைக்கிறார். கி.மு. 132இல் எகிப்துக்கு வந்த அவருடைய பேரன் பின்னர் அந்நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, அயல்நாட்டில் வாழ்ந்துகொண்டே திருச்சட்டப்படி ஒழுக விரும்பும் யூதர்களுக்காக அதை வெளியிடுவதாக முன்னுரையில் எழுதினார்.