உஷார்! பெல்லில் ‘பாரிஸ்’ என்று இருந்தால் போதாது

முப்பதாயிரம் ரூபாய்க்குப் பழைய செல்மர் சாக்ஸபோன் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்காதீர்கள். முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். புவனகிரி, சிதம்பரம், சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் பேண்டு செட்டில் வாசிக்கிற தம்பிகளுக்கும், நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து சாக்ஸபோன் பக்கம் திரும்பிய பிள்ளைகளுக்கும், அவர்களுக்காக நகையை அடகு வைக்கத் தயாராக நிற்கும் பெற்றோருக்கும்தான் இதை எழுதுகிறேன். முகூர்த்த மாதம் தொடங்குவதற்குள் சொந்த வாத்தியம் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கிறதே, அதுதான் ஏமாற்றுகிறவனின் முதலீடு.

அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. கத்ரி கோபால்நாத் நாகஸ்வரக்காரரின் மகன்தான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, கர்நாடக சங்கீதத்தின் கமகங்களுக்கு அந்த மேல்நாட்டுக் கருவியைப் பழக்கினார். 1994-ல் ‘டூயட்’ படம் வந்தது. திரையில் பிரபு வாசிக்க, பின்னால் ஒலித்தது கத்ரியின் மூச்சு. அதே ஆண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி நடத்தும் புரோம்ஸ் விழாவிலும் வாசித்தார். அதற்குப் பிறகு நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் சாக்ஸபோன் கச்சேரி என்பது அதிசயமாக இல்லை. வாத்தியத்துக்கு மவுசு கூடினால் போலியும் கூடவே வரும்.

எதைப் போலி செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி இது. அவருடைய பட்டறை 1920-களின் இறுதியில் செல்மர் நிறுவனத்தின் கைக்குப் போனது. செல்மர் 1954 முதல் 1970-களின் நடுப்பகுதி வரை செய்த ‘மார்க் சிக்ஸ்’ மாடலைத்தான் உலகம் முழுக்க வாசிப்பவர்கள் தேடுகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒன்று பல லட்சம் ரூபாய்க்குப் போகிறது. அவ்வளவு ஏன், மாணவர்களுக்கென்று யமஹா செய்யும் சாதாரண ஆல்டோ சாக்ஸபோனே புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அப்படியிருக்க, மார்க் சிக்ஸை முப்பதாயிரத்துக்குத் தருகிறேன் என்பவன் வள்ளலா? அந்த விலையே அவனுக்கு எதிரான முதல் சாட்சி.

பெயரில்லாத சீன ஆல்டோ ஒன்று இருபது, முப்பதாயிரத்துக்குக் கிடைக்கும். அதன் பெல்லில், அதாவது விரிந்த வாய்ப்பகுதியில், லேசரால் பூவேலையும் பெயரும் போட்டு, ரசாயனம் தடவிக் கறுக்க வைத்தால் ‘அறுபது வருஷத்துப் பீஸ்’ தயார். இங்கே மீரட்டையும் சேர்த்துத் திட்டாதீர்கள். அங்கே ஜலி கோட்டி என்ற பகுதியில் தலைமுறை தலைமுறையாக பேண்டு வாத்தியம் செய்கிறார்கள். நாடு முழுக்க ஊர்வலங்களில் ஊதப்படுவதில் பெரும்பங்கு அவர்கள் கைவேலை. மீரட் வாத்தியத்தை மீரட் பெயரிலேயே, மீரட் விலையிலேயே வாங்கினால் அது நேர்மையான வியாபாரம். அதன்மேல் பாரிஸ் பெயரைப் பொறித்து விற்பவன்தான் திருடன்.

சரி, வாத்தியம் எதிரே இருக்கிறது. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். பழைய செல்மரின் பூவேலை உளியால் கையில் செதுக்கியது. கோடு ஒரு இடத்தில் ஆழமாகவும் இன்னொரு இடத்தில் மெலிந்தும் ஓடும்; உளி அசைந்து நகர்ந்த தடம் பல் பல்லாகத் தெரியும். லேசர் கோடு ஒரே ஆழத்தில், உயிரில்லாமல் தட்டையாக இருக்கும். பிறகு தேய்மானத்தைப் பாருங்கள். வலது கட்டைவிரல் தாங்கும் கொக்கி, இடது உள்ளங்கை படும் இடம், விரல் பதியும் சிப்பிப் பொத்தான்கள் ஆகியவைதான் உண்மையில் தேயும். கை போகாத மூலையிலும் ஒரே மாதிரிக் கறுப்பு ஏறியிருந்து, பொத்தான்கள் மட்டும் நேற்றுப் பதித்தவைபோல மேடு குறையாமல் இருந்தால், அந்தக் கறுப்பு புட்டியிலிருந்து வந்தது.

உடலின் பின்புறம் சீரியல் நம்பர் இருக்கும். மார்க் சிக்ஸின் எண்கள் ஏறக்குறைய 55,000-ஐ ஒட்டித் தொடங்கி இரண்டு லட்சத்து இருபதாயிரத்துச் சொச்சம் வரை போகும். எந்த எண் எந்த ஆண்டு என்ற பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. விற்பவர் சொல்லும் ஆண்டும் எண்ணும் பொருந்துகிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். நெக்கில் இருக்கும் எண்ணையும் உடலில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். எண் மங்கலாக, சுற்றிலும் உலோகம் பள்ளமாக இருந்தால், மெருகேற்றும்போது அழிந்ததா, வேண்டுமென்றே தேய்த்ததா என்று கேளுங்கள். மெருகில் அழிந்தது என்றே வைத்துக்கொண்டாலும் விலை இறங்கியாக வேண்டும்.

‘1920-களில் செய்தது’ என்று சொல்லும் வாத்தியத்தில் திருகெல்லாம் ஸ்டார் ஸ்க்ரூவாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தத் திருகுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1936-ல்தான். ஒன்றிரண்டு பிற்காலத்தில் மாற்றியதாக இருக்கலாம். எல்லாமே அப்படி இருக்க வழியில்லை. ஒரு காந்தமும் எடுத்துப் போங்கள். ஸ்ப்ரிங்கிலும் கீக்குள் ஓடும் எஃகுத் தண்டிலும் ஒட்டுவது இயல்பு. பெல்லில் ஒட்டினால் அது இரும்புக்கு முலாம் பூசியது. ஒட்டாவிட்டால் அசல் என்று முடிவு கட்டாதீர்கள், சீனப் போலியும் பித்தளைதான்.

யமஹாவுக்கு இன்னொரு சோதனை உண்டு, தெருவில் நிற்கும் பைக்கே போதும். இசைக்கருவி செய்யும் யமஹாவும் பைக் செய்யும் யமஹாவும் தனித்தனி நிறுவனங்கள். இரண்டின் முத்திரையிலும் மூன்று சுருதிக் கவைகள் குறுக்கே கிடக்கும். பைக் முத்திரையில் கவையின் நுனி வெளிவட்டத்தைத் தொடும். வாத்திய முத்திரையில் வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பைக் முத்திரை போட்ட சாக்ஸபோன் எந்த யமஹாவின் ஆலையிலிருந்தும் வந்ததில்லை.

கண்ணை ஏமாற்றலாம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சுருதிப் பெட்டியோடு பழகிய காது இருக்கிறது, அதை நம்புங்கள். இடது நடுவிரலை மட்டும் அழுத்தி ஊதினால் ஆல்டோவில் இரண்டரைக் கட்டை வர வேண்டும். டெனராக இருந்தால் ஆறரை. ஒரு கட்டை வந்தால் உங்கள் கையில் இருப்பது ‘சி மெலடி’ என்ற வேறு வகை. 1910, 20-களில் அமெரிக்காவில் ஏராளமாகச் செய்து, பிறகு கைவிடப்பட்டது. பொருள் அசல், பழமையும் அசல். ஆனால் டெனர் என்று சொல்லி டெனர் விலைக்கு உங்களிடம் தள்ளினால் அதுவும் மோசடிதான்.

இன்னொரு கண்ணி இதைவிடக் கொடியது. நூறாண்டுக்கு முந்தைய சில வாத்தியங்கள் அக்கால ‘ஹை பிட்ச்’ அளவில் செய்யப்பட்டவை. இன்றைய சுருதிக்குக் கால் கட்டைக்கும் மேலேயே நிற்கும். மவுத் பீஸை வெளியே இழுத்து ஆதார ஷட்ஜத்தைச் சேர்த்துக் காட்டுவார்கள். நீங்கள் அதோடு நிறுத்தாமல் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் வாசித்துப் பாருங்கள். ஒன்றை ஒட்ட வைத்தால் இன்னொன்று விலகும். ஆயுள் முழுக்க உழைத்தாலும் அதில் ஒரு கல்யாணி சுத்தமாக வராது. சீரியல் நம்பருக்குக் கீழே ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘எல்’ இருந்தால் இன்றைய சுருதி.

‘பண்டி’ என்ற பெயரையும் நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் மாணவர்களுக்காக விற்ற மலிவு வகை அது, செல்மர் பெயரையும் நியாயமாகவே தாங்கி வந்தது. பயிற்சிக்கு நல்ல வாத்தியம். பாரிஸ் செல்மர் விலை அதற்கு இல்லை.

‘பில் இருக்கிறது, லெட்டர் இருக்கிறது’ என்பார்கள். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் காகிதத்தின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் சிலையையும், அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜரையும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்கள் வாங்கியது போலிப் பூர்வீகப் பத்திரங்களை நம்பித்தான். நடராஜருக்கு மட்டும் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2014-ல் இரண்டு சிலைகளும் திரும்பி வந்தன. நிபுணர் படையே வைத்திருந்தவர்களை ஏமாற்றிய காகிதம், நம்மை விட்டுவிடுமா? காகிதத்தை வாத்தியத்தோடு ஒட்டிப் பாருங்கள், எண்ணுக்கு எண் சேராவிட்டால் அது வெறும் தாள்.

பார்க்கப் போகும்போது பகலில் போங்கள், பழுது பார்க்கும் ஆளையோ மூத்த வித்வான் ஒருவரையோ கூட அழைத்துப் போங்கள். திருவிழாவுக்குக் கட்டும் சின்ன எல்.இ.டி. சீரியல் செட் ஒன்றை விளக்கணைத்த அறையில் குழாய்க்குள் இறக்கி, கீகளை மூடுங்கள். துளையை மூடும் பேட்டின் ஓரத்தில் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும். பேட் முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ‘நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க’ என்றால், வரட்டும்.

செல்போன் செயலியில் படம் மட்டும் பார்த்துப் பேரம் பேசுகிறீர்களா? ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, அவசரமாக விற்கிறேன் என்ற கதை நாடு முழுக்கப் பலரை ஏமாற்றிய கதை. சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்புவார்கள், இரண்டும் வேறு யாருடையதோ. முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று, பணம் உங்களுக்கு ‘வருவதற்கு’ க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொன்னால், அந்த நொடியே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். ஆன்லைனில் போன பணமென்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும். நேரில் கொடுத்ததென்றால் உரையாடல், ரசீது, படங்கள் எதையும் அழிக்காமல் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பொய்யான வணிகக்குறி போட்ட பொருளை விற்பது வணிகக்குறிகள் சட்டம் 1999-ன்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். வாங்கிய போலியை, போனது போகட்டும் என்று இன்னொரு தம்பியிடம் ‘செல்மர்’ என்று சொல்லித் தள்ளிவிட நினைக்காதீர்கள். தெரிந்தே விற்றால் அதே சட்டத்தின் 104-வது பிரிவு உங்கள் மேலேயே பாயும்.