பெற்றது எட்டு, தங்கியது ஐந்து

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமம் ஒன்றில், எண்பது வயதைத் தாண்டிய பாட்டியிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், ஒற்றை எண்ணாகப் பதில் வருவது அரிது. "பெத்தது எட்டு, தங்குனது அஞ்சு" என்கிற பாணியில் இரண்டு எண்களாகவே வரும். ஜனத்தொகைப் பிரச்சினையை மாணவர்களுக்குப் போதிக்கப் புகும் உபாத்தியாயர், பாடபுஸ்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிடுவாரானால், பாதிப் பாடம் முடிந்தது போலத்தான். ஜனங்கள் பெருகியதனால் வறுமை வந்தது என்று புஸ்தகம் சொல்லும். வறுமையும் சாவும் வீட்டுக்குள்ளேயே குடியிருந்ததனால்தான் பெற்றோம் என்று பாட்டி சொல்வாள்.

பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் மறுபடி ஒன்று பிறந்தால், அதைக் குப்பையில் புரட்டியெடுத்து, குப்பை என்றோ பிச்சை என்றோ பெயர் சூட்டி, யமன் கண்ணுக்கு அற்பப் பொருளாகத் தோன்றும்படி செய்வது நம் நாட்டுப் பழைய வழக்கம். இன்றைய மாணவனுக்கு அது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 1971-ஆம் ஆண்டில்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேற்பட்டவை ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன என்று சொன்னால் அவன் சிரிப்பு நின்றுவிடும். 2020-இல் அந்த எண்ணிக்கை 13. சாவு முதலில் குறைந்தது; ஐந்து தங்கவேண்டுமானால் எட்டுப் பெறவேண்டும் என்ற பழைய அச்சம் குறைவதற்கு மேலும் ஒரு தலைமுறை பிடித்தது. இந்த இடைக்காலத்தில் நேர்ந்ததுதான் பெருக்கம் என்பது. 1951-இல் ஏறக்குறைய 3 கோடியாக இருந்த தமிழ்நாட்டு ஜனத்தொகை, 2011-இல் 7.21 கோடியாயிற்று.

ஆனால் அச்சம் மட்டுமே காரணமென்று சொல்வது கரிசலை அறியாதவர் பேச்சு. வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் விதைக்கும் மானாவாரிக் காட்டில், ஐந்து வயதுப் பிள்ளை ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்ளும். எட்டு வயதில் பருத்தி எடுக்கும். பெண் குழந்தையானால் ஊருணிக்கு நடந்து தண்ணீர் சுமக்கும். பிற்பாடு சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுவதிலும் தீப்பெட்டி ஆபீஸ்கள் பரவியபோது (இந்தப் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான்), மழை பொய்த்த வருஷத்திலும் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்களுக்கு வேலை இருந்தது; கூலியோ செய்த உருப்படிக் கணக்கில். விடியுமுன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஆபீஸ் பஸ்ஸை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் எத்தனையோ பேர். உண்ணும் வாய் ஒன்றானாலும் உழைக்கும் கை இரண்டல்லவா என்று அந்நாளில் ஒரு தகப்பன் கணக்குப் போட்டிருந்தால், அவனை அறிவிலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் (திருநெல்வேலிச் சீமை நன்கறிந்த இடையன்குடிப் பாதிரியார் கால்டுவெல் அல்லர், வேறொருவர்) 1976-இல் இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். செல்வம் பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குப் பாயும்வரை பெரிய குடும்பம் லாபம். அது திசைமாறிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பாயத் தொடங்கிவிட்டால் சிறிய குடும்பமே லாபம். அந்தத் திசையை மாற்றுவது பெரும்பாலும் பள்ளிக்கூடம் என்பது அவர் வாதத்தின் சாரம். கரிசல்காட்டில் இதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் துவக்கிவைத்தது, கோவில்பட்டிக்குப் பக்கத்து எட்டயபுரத்தில். ஒருவேளைச் சோறு பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்தது. பள்ளிக்குப் போன பிள்ளை சிலேட்டும் சட்டையும் கேட்டது. ஆடு மேய்க்க ஆள் இல்லாமற் போயிற்று. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1996-இல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், பின்னால் வந்த இயந்திரங்களும் மிச்சத்தைச் செய்தன.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. குடும்பக் கட்டுப்பாடு 1952-இலேயே தேசியத் திட்டமாயிற்று. அதன் சின்னமான சிவப்பு முக்கோணம் சுவர்தோறும் ஏறிற்று. ஜனத்தொகைக் கல்வி என்பதே 1980-இல் ஒரு தேசியத் திட்டமாகப் பள்ளிகளுக்குள் வந்தது. அவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. ஆயினும் 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்திக்குச் சராசரி 1.8 குழந்தை என்ற நிலைக்கு நாம் வந்ததற்கு, முக்கோணத்தைவிடச் சோற்றுத்தட்டும் தடுப்பூசியும் அதிகக் காரணம் என்பதே என் அபிப்பிராயம். ஜனத்தொகை உணவை முந்தி ஓடும் என்று 1798-இல் எழுதிய மால்தஸ், பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களைப் பயிற்றிய ஹெய்லிபரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். ஏழையின் பசிக்கு ஏழையின் பிள்ளைகளையே குற்றம் சொல்லும் பழக்கம் நம் பாடபுஸ்தகங்களுக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பதை மேல்வகுப்பு மாணவர்கள் ஆராயலாம்.

ஜனத்தொகையை நிர்ணயிப்பவற்றில் பிறப்பு, இறப்பு இரண்டோடு மூன்றாவதாக இடப்பெயர்ச்சி என்பது ஒன்று உண்டு. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்' (1976), தெலுங்கு தேசத்திலிருந்து வந்தவர்கள் காட்டைத் திருத்திக் கரிசலில் குடியேறிய கதை. இன்றோ நடை எதிர்த்திசையில்: திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும். கோவில்பட்டி அடங்கிய தூத்துக்குடி மாவட்டத்திலேயே, தண்ணீர்ப் பஞ்சத்தால் மீனாட்சிபுரம் என்ற ஊர் ஆளே இல்லாமற் போய்விட்டதென்று 2024-இல் பத்திரிகைகள் எழுதின. ஜனநெருக்கடியைப் பற்றிய பாடத்தைச் சில ஊர்களில் முக்கால்வாசி காலியான வகுப்பறையில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

2011-ஆம் ஆண்டு ஜனக் கணக்கெடுப்பின் படிவத்தில், மணமான பெண்களிடம் கேட்பதற்கென்று இரண்டு கேள்விகள் இருந்தன: இப்போது உயிரோடிருக்கும் பிள்ளைகள் எத்தனை, இதுவரை உயிரோடு பிறந்தவை எத்தனை என்று. பாட்டி சொல்லும் அதே இரண்டு எண்கள். மாணவர்கள் அந்தக் கட்டங்களைத் தம் நோட்டில் வரைந்துகொண்டு போய் வீட்டில் கேட்டு வரட்டும். பாட்டிக்கு எட்டும் ஐந்தும் எழுதிய பிள்ளை, தன் தாய்க்குப் பெரும்பாலும் இரண்டு கட்டங்களிலும் ஒரே எண்ணைத்தான் எழுதிக்கொண்டு வரும்.