ஒளிச் சீப்பின் பற்களுக்கு இடையே

ஒரு பொருள் எதனால் ஆனது என்பதை அதனைத் தொடாமலேயே அறியும் கலை நிறமாலையியல். ஒவ்வோர் அணுவும் மூலக்கூறும் தனக்கே உரிய அதிர்வெண்களில்தான் ஒளியை உட்கவரும். கவரப்பட்ட இடங்கள் நிறமாலையில் கருங்கோடுகளாகத் தோன்றும். இக்கோடுகள் தனிமங்களின் அடையாளம் என்பதை ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கிர்ச்சாஃபும் புன்சனும் 1859ஆம் ஆண்டுவாக்கில் நிறுவினர்.

இக்கலையின் உயிர்நாடி பகுதிறன். அரபு எழுத்தை அறிந்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். சொல்லின் நடுவே வரும் 'தா'வுக்கு மேலே இரண்டு புள்ளிகள். 'நூன்' எழுத்துக்கு ஒன்று. அச்சு மங்கி இரு புள்ளிகளும் ஒட்டிக்கொண்டால் 'தா', 'நூன்' ஆகிவிடும். சொல்லின் பொருளே மாறிவிடும். நெருங்கி நிற்கும் இரண்டினை இரண்டெனவே காணும் ஆற்றல்தான் பகுதிறன்.

கட்புலனாகும் ஒளி வினாடிக்குச் சுமார் 500 லட்சம் கோடி முறை அதிர்கிறது. எந்த மின்னணுக் கருவியும் இதனை நேரே எண்ண இயலாது. இந்த இடரைத் தீர்த்ததே அதிர்வெண் சீப்பு. லேசர் ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாக, வினாடிக்குப் பல கோடி முறை, சீராக உமிழச் செய்தால் அதன் நிறமாலை சம இடைவெளியுள்ள நுண்கோடுகளின் வரிசையாக அமையும். வினாடிக்கு எத்தனை துடிப்புகளோ, அதுவே இரு பற்களின் இடைவெளி. இத்துடிப்பு வீதமும், பல்வரிசை முழுவதும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்னும் விலக்கமும் தெரிந்தால், ஒவ்வொரு பல்லின் அதிர்வெண்ணும் தெரிந்துவிடும். இவ்விரண்டும் வானொலி அலைகளின் அளவினவாதலால் சீசியம் கடிகாரத்தைக் கொண்டு எண்ணிவிடலாம். இப்பணிக்காக ஜான் ஹாலும் தியோடர் ஹென்ஷும் 2005ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டனர். 2011இல் ஹென்ஷின் குழுவினர் ஹைட்ரஜன் அணுவின் ஒரு மாற்றத்தை 2466061413187035 ஹெர்ட்ஸ் என அளந்தனர். பிழை வரம்பு 10 ஹெர்ட்ஸ் மட்டுமே.

ஆயின், சீப்பின் சிறப்பே அதன் குறையும் ஆகிறது. பல் இருக்கும் இடத்தில்தான் அது அளக்கும்; இடைவெளியில் நிகழ்வதை அது அறியாது. அறை வெப்பநிலையில், குறைந்த அழுத்தத்தில், நடு அகச்சிவப்பில் மீத்தேன் கோடு ஒன்றின் அகலம் சுமார் 280 மெகாஹெர்ட்ஸ். பல் இடைவெளி 250 மெகாஹெர்ட்ஸாக இருப்பின், அக்கோட்டின்மீது ஒன்றிரண்டு பற்களே விழும். ஒன்றிரண்டு புள்ளிகளைக் கொண்டு ஒரு கோட்டின் வடிவை வரைய முடியுமா? அதனினும் குறுகிய கோடு ஒன்று பற்களுக்கிடையே அமைந்துவிட்டால், அது இருப்பதே தெரியாமற்போகும்.

இதற்குத் தீர்வு எளியது: சீப்பையே நகர்த்துவது. துடிப்பு வீதத்தையோ விலக்கத்தையோ சிறிது மாற்றிப் பற்களைப் பத்துப் பத்து மெகாஹெர்ட்ஸாக நகர்த்தி, 25 முறை அளந்து, அவற்றை ஒன்றோடொன்று கோத்தால் இடைவெளி நிரம்பிவிடும். அப்போது பகுதிறனுக்கு எல்லை பல்லின் அகலமே; பற்களின் இடைவெளியன்று. உறுதிமிக்க லேசரோடு பிணைத்தால், அவ்வகலத்தைச் சில ஹெர்ட்ஸ் அளவுக்கும் குறுக்கலாம்.

ஆனால் பற்களைத் தனித்தனியே படிக்கவும் வேண்டுமே! ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் பாதையை நீட்டிச் சேர்த்துப் பார்க்கும் பழைய முறையில், 10 மெகாஹெர்ட்ஸ் பகுதிறனுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் பாதை வேறுபாடு தேவை. சீப்பொளியில் அந்நீளம் வேண்டுவதில்லை. 250 மெகாஹெர்ட்ஸ் சீப்புக்குப் பாதை வேறுபாட்டை 1.2 மீட்டர் அளவில் துல்லியமாகப் பொருத்தினால், ஒரு பல்லின் அளவு அடுத்த பல்லோடு கலவாது. துடிப்பு வீதத்தில் சற்றே வேறுபட்ட இரு சீப்புகளை இணைப்பது மற்றொரு வழி. அவற்றின் பற்கள் இணையிணையாக விம்மல்களை எழுப்ப, ஒளியின் செய்தி வானொலி அலைகளுக்கு இறங்கிவந்துவிடும். நகரும் கண்ணாடிகளும் தேவையில்லை.

எனினும், எங்கும் மிகு பகுதிறன் வேண்டும் என்பதில்லை. 2014இல் அமெரிக்காவின் கொலராடோவில் திறந்த வெளியில் 2 கிலோமீட்டர் தொலைவுக்குச் சீப்பொளியைச் செலுத்திக் கரியமில வாயுவையும் மீத்தேனையும் அளந்தனர். வளிமண்டல அழுத்தத்தில் கோடுகள் தாமே பல ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் அகன்றுவிடுவதால், அங்குப் பற்களை நகர்த்த வேண்டிய தேவையே எழவில்லை. குளிர்ந்த மூலக்கூறோ அரிதான வாயுவோ ஆயின் நிலைமை வேறு. எத்துணை நுண்மை வேண்டும் என்பதை அளக்கப்படும் பொருளே முடிவு செய்கிறது. கருவியைப் பொருளுக்கு இணங்கச் செய்வதே அறிஞரின் பணி.