வேலரண்ட் விளையாட்டின் நலமும் குறையும்

ஜவ்வாது மலைமீதுள்ள ஜமுனாமரத்தூரிற் கல்லூரி முகாமின் பொருட்டுச் சில நாட்கள் தங்கியிருந்தபோது எம்முள் எழுந்த ஒரு வழக்கே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. பகலெல்லாம் பாதை செப்பனிட்டும் மரக்கன்று நட்டும் களைத்த யாம் ஐவரும், இரவுணவு முடிந்தபின் வேலரண்ட் என்னும் கணினி விளையாட்டை ஆடப் புகுவோம். இருந்தவை இரண்டே மடிக்கணினிகள். ஆதலின் இருவர் ஆடுவர், மூவர் பின்னின்று குற்றங் கூறுவர். இதனைக் கண்ட மூத்த மாணவர் ஒருவர், "மலைமேல் வந்தும் நகரத்து நோயை விட்டீரில்லையே, இதனால் யாது பயன், தம்பிகாள்?" என்று வினவினார். பயனுண்டென்று சிலரும், காலக்கொலையே என்று சிலரும் நெடுநேரம் சொல்லாடினோம். இரு திறத்தாரும் அவ்விளையாட்டு இன்னதென்பதை வரையறுத்துக் கூறாமலே வாதிட்டமையின், முடிவு காணாது உறங்கப் போயினோம். அன்று விடுபட்டதனை ஈண்டு ஒருவாறு கூறுவாம்.

சுடுவோனுடைய கண்வழியே களத்தைக் காட்டும் விளையாட்டு வகை, 1993இல் வெளிவந்த டூம் என்பதனாற் பெரிதும் பரவிற்று. அதிலே பெரும்பாலும் ஒருவன் தனியனாய் நின்று பேய்களைச் சுடுவான். 1999இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர், ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டொன்றைத் திருத்தியமைத்துக் கவுண்டர்-ஸ்டிரைக் என்பதைப் படைத்தனர். அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனம் அதனைத் தன் வெளியீடாக்கிக்கொண்டது. ஒரு குழு வெடிபொருளை வைக்க முயல, மற்றொரு குழு தடுப்பது என்னும் அமைப்பு அதனால் உலகெங்கும் நிலைபெற்றது. நம் நாட்டு நகரங்களில் பிரௌசிங் சென்டர் எனப்பட்ட கடைகளில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து நம் தமையன்மார் ஆடியது இதுவே. அவ்வழியில் வந்த இளையதாக, ரயட் கேம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2020 ஜூன் 2ஆம் நாள் வெளியிட்டது வேலரண்ட். எம் நண்பருள் ஒருவர் இப்பெயரை 'வேலரண்' என்று பிரித்து, வேலும் அரணும் கூடியது எனப் பொருளுரைப்பார். சொல்லாராய்ச்சி பிழையே, ஆயினும் பொருள் பொருந்தாமற் போகவில்லை.

ஆட்டத்தின் அமைப்பைக் கேண்மின். பக்கத்திற்கு ஐவராகப் பதின்மர் ஆடுவர். ஒரு பக்கத்தார் ஸ்பைக் என்னும் வெடிபொருளைச் சுமந்து சென்று, குறித்த இடங்களுள் ஒன்றிலே நாட்டல் வேண்டும். மறுபக்கத்தார் அவ்விடங்களைக் காத்தல் வேண்டும். சுற்றொன்றிற்கு 100 நொடியே காலம். ஸ்பைக் நாட்டப்பட்டால் 45 நொடியில் வெடிக்கும். அதனை அவிக்க 7 நொடி அசையாது நிற்றல் வேண்டும். பன்னிரண்டு சுற்றுக் கழிந்தபின் தாக்கினோர் காப்போராகவும் காத்தோர் தாக்குவோராகவும் மாறுவர். முதலிற் 13 சுற்றை வென்றவர்க்கே வாகை. பன்னிரண்டிற்குப் பன்னிரண்டாயின் இரு சுற்று மிகுதியாக வெல்லல் வேண்டும்.

புறத்திணை பயின்றார்க்கு இதனினும் எளிதாக விளக்கலாம். மதிலை முற்றுவோர் உழிஞை சூடுவர். காப்போர் நொச்சி சூடுவர். ஓராட்டத்தின் முற்பகுதியில் உழிஞை சூடியவன் பிற்பகுதியில் நொச்சி சூடவேண்டும் என்பதே வேலரண்டின் சிறந்த விதியென்று யாம் கருதுகின்றோம். மதிலை முறிக்கும் வழியறிந்தவனே அதனைக் காக்கும் வழியும் அறிவான். பகைவனுடைய அச்சத்தைத் தானும் பட்டு உணர்தலின், தோற்றவனை எளிதில் இகழான். இகழ்வாரும் உளர், அவரைப் பின்னர்க் காண்போம்.

ஐவரும் ஒரு தொழிலரல்லர். டூயலிஸ்ட் எனப்படுவோன் முன்னே புகுந்து பொருவான். இனிஷியேட்டர் பகைவர் நிற்குமிடத்தை ஒற்றியறிவான். கண்ட்ரோலர் புகையால் வழியை மறைப்பான். சென்டினல் பின்னின்று காப்பான். இவற்றுள் இனிஷியேட்டர் செய்வது வெட்சித் துறைகளுள் வேய் எனப்படும் ஒற்றுத் தொழிலே. ஸ்கை என்னும் வீராங்கனை விலங்குருவம் ஒன்றை முன்னே ஓடவிட்டு வேவு பார்ப்பாள். இதனைக் காணுந்தொறும் எமக்குக் கோவிவனின் நினைவே வரும். ஜவ்வாது மலையின் அடிவாரத்தது செங்கம். அவ்வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆங்கு எடுத்தனூரிலுள்ள மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லொன்றில், வீழ்ந்த வீரனுடன் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதனையும் கல்வெட்டு மறவாது பொறித்து வைத்திருக்கின்றது.

நெகேமியா எருசலேமின் அலங்கத்தைக் கட்டுவித்த வரலாற்றை அறிவோம். வேலையாட்கள் மதில்நெடுகத் தொலைவு தொலைவாகப் பிரிந்து நின்றனர். எக்காள ஒலி எங்கே கேட்கின்றதோ அங்கே யாவரும் கூடவேண்டும் என்பது கட்டளை. ஐவர் இரண்டிடத்தை, சிற்சில களங்களில் மூன்றிடத்தை, காக்கவேண்டிய வேலரண்டிலும் இதுவே முறை. ஒருவன் தன் மூலையில் பகைவரைக் கண்டதும் குரல் கொடுக்க வேண்டும். ஏனையோர் தம் காவலை விட்டு ஓடிவர வேண்டும். அக்குரல் பொய்க்குரலாயின் விட்டுவந்த இடம் பறிபோகும். நம்பிச் சொல்லுதலும், சொன்னதை நம்புதலும் இன்றி இவ்வாட்டத்தில் ஒரு சுற்றும் நடவாது. தனித்திறம் மிக்க ஐவர் ஒருவரோடொருவர் பேசாது ஆடித் தோற்றதையும், நடுத்தரமானவர் ஓயாது பேசி வென்றதையும் பலகாற் கண்டுள்ளோம்.

இரண்டாவது நலம் பொருளாட்சி. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஆட்டப்பணம் கொண்டு துப்பாக்கியும் கவசமும் வாங்குதல் வேண்டும். முதற்சுற்றில் ஆளுக்கு 800, சுற்றை வென்றவர்க்கு 3000, தோற்றவர்க்கு 1900. அடுத்தடுத்துத் தோற்பவர்க்கு அது 2400, 2900 என உயரும். சிறந்த துப்பாக்கியின் விலை 2900. எனவே ஒரு சுற்றிற் சிறு கைத்துப்பாக்கியோடு இழப்பை ஏற்றுக்கொண்டு, அடுத்த சுற்றிற்குச் சேமித்து வைக்கும் பொறுமை வேண்டும். ஒருவன் மட்டும் அவசரப்பட்டு வாங்கினால் ஐவரும் கெடுவர். மிகுந்த பணமுடையோன் இல்லாத தோழனுக்குத் துப்பாக்கி வாங்கித் தரலாம். இது வெட்சியாரின் பாதீட்டை ஒக்கும். ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. புறப்பொருள் வெண்பாமாலை, ஒற்றறிந்து வந்தவர்க்கு ஏனையோரினும் மிகுதியாகப் பங்களிக்கும் புலனறி சிறப்பு என்ற துறையை வகுத்தது. வேலரண்டோ கொன்றவனுக்கு 200 தருகின்றது. பகைவன் நின்ற இடத்தைக் காட்டித் தந்தவனுக்கு அவ்வாறு யாதும் தருவதில்லை. பெயர்ப்பட்டியலின் தலையிலும் கொன்றவன் பெயரே மின்னும். இதனாலன்றோ புதியவர் யாவரும் டூயலிஸ்டாகவே ஆட முந்துகின்றனர்! அரணை எவரும் காவாமல் ஐவரும் முன்னே பாய்ந்து மடியும் காட்சியைக் காணப் பரிதாபமாயிருக்கும். பழந்தமிழர் கண்ட பங்கீட்டு நெறியை இந்நிறுவனத்தார்க்கு எவரேனும் எழுதி அனுப்பினால் நன்று.

பணம் என்றமையின் மெய்யான பணத்தையும் ஒரு சொல்லிற் கூறி விடுவாம். ஆடுதற்குக் கட்டணமில்லை. காசு கொடுத்து வாங்குவது துப்பாக்கியின் ஒப்பனை முதலியவற்றையே. ஒப்பனையால் குண்டின் வலி கூடாது. எனவே செல்வர் மகன் வறியவர் மகனைப் பணத்தால் வெல்லுதல் இயலாது. நாள்தோறும் மாறும் நான்கு ஒப்பனைகளைக் கடையில் வைத்து ஆசை காட்டுவது மட்டும் எமக்கு உடன்பாடன்று. பணயம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட இந்தியச் சட்டம் தடுத்துள்ளது. அதே சட்டம் மின்விளையாட்டுப் போட்டிகளை வேறாகப் பிரித்து ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி வைவார், வைவதற்கு முன் இவ்வேறுபாட்டை அறிதல் நன்று.

நம் நாட்டிற்கு இதில் இடமில்லாமலில்லை. 2022 அக்டோபரிற் சேர்க்கப்பட்ட ஹார்பர் என்பான், நீரை ஏவல்கொள்ளும் இந்திய வீரன். 2023 ஜனவரியில் வெளிவந்த லோட்டஸ் என்னும் களம், மேற்குத் தொடர்ச்சி மலையில் மறைந்து கிடந்த பழங்கோயிற் சிதைவாக வரையப்பட்டது. அங்குள்ள கற்கதவுகள் பேரொலியுடன் சுழலும். ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சியைச் சார்ந்ததாதலின் எமக்குச் சிறிது மனக்குறைதான்.

இனிக் குறைகளுட் பெரியதற்கு வருவாம். அஃது ஆட்டத்தின் உள்ளே இருப்பதன்று. ஆடுவோன் வாழுமிடத்தைப் பொறுத்தது. பதின்மரின் செயல்களையும் சேர்த்துத் தீர்ப்பளிக்கும் கணிப்பொறி தொலைவில் ஒரு நகரத்தில் இருக்கின்றது. நம் நாட்டார்க்கு மும்பையில் உள்ளது. அது நொடிக்கு 128 முறை களத்தைக் கணக்கிடும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லுமாதலின், ஆயிரம் கிலோமீட்டர் சென்று மீள நொடியின் நூற்றிலொரு பங்கே போதும். ஆயின் மலைமேல் இழை ஏது? கைப்பேசிக் கோபுரத்தின் அலையை நம்பியன்றோ யாம் ஆடினோம்! காற்றடித்தால் ஒருவிதம், மழை பெய்தால் ஒருவிதமாக அலை தடுமாறும். நொடியின் பத்திலொரு பங்கு தாழ்ந்தாலும் விளைவு கொடிது. மூலையினின்று திடீரென வெளிப்படுவோன், காத்து நிற்பவனைத் தன் திரையில் முன்னரே காண்பான். அவன் வெளிப்பட்ட செய்தி காப்போன் திரைக்கு வந்து சேருமுன் குண்டு பாய்ந்துவிடும். இது நல்ல இணைப்பிலும் சிறிதுண்டு, மலையிணைப்பில் பன்மடங்காகும். கண்ணும் கையும் பழுதின்றியிருந்தும், செய்தி பிந்துவதாலேயே நொச்சியான் மடிகின்றான். இணைப்பு அடியோடு அறுந்தால் எஞ்சிய நால்வர் ஐவரை எதிர்க்க நேரும். அடிக்கடி விட்டகல்வோர்க்குத் தண்டமும் உண்டு. ஓடிப்போனவனையும் அலை கைவிட்டவனையும் பொறி எங்ஙனம் பிரித்தறியும்? இதே மலைத்தொடரில் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நின்று, பல்லாண்டு பயணம் செய்து வந்த விண்மீன் ஒளியை வாங்குகின்றது. அம்மலையிலிருந்து மும்பைக்கு ஒரு சொல் போய்ச்சேரத் தவங்கிடக்க வேண்டியிருக்கின்றது!

மற்றொரு குறை நாவின் குறை. இறந்தவன் அச்சுற்று முடியுமளவும் வாளாவிருந்து தோழரின் கண்வழியே நோக்கலாம்; பேசவும் செய்யலாம். அப்பேச்சே அறிவுரையாவதும் வசையாவதும். கடைசியாக ஒருவன் மட்டும் உயிரோடிருந்து மூவரை எதிர்க்கும்போது, மாண்ட நால்வரும் ஒருங்கே கூவினால் பகைவரின் காலடியோசை அவனுக்கு எங்ஙனம் கேட்கும்? மேலும் இந்நாட்டுக் களங்களில் பெரிதும் வழங்குவது இந்தி. அறியாதவன் ஊமையாய் நிற்பான். அவன் கண்டது குழுவிற்குப் பயன்படாது. படத்திற் குறியிட்டுக் காட்டும் வசதி உண்டென்பது பெரிய ஆறுதல். பெண்குரல் கேட்டவுடன் இழிமொழி பேசுவார் உளராதலின், எம் வகுப்புத் தோழியர் சிலர் நன்றாக ஆடியும் வாய்திறவாதே ஆடுகின்றனர். பழிகூறுவோரைப் பற்றி முறையிட வழியுண்டு. எனினும் நாவடக்கத்தை நிறுவனம் எத்துணைதான் காக்கும்?

விளையாட்டு நோயாகும் என்பாரையும் யாம் புறக்கணிக்கவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாற்றினைச் சேர்த்துள்ளது. ஆடுவோர் யாவரையும் அன்று, ஏனைய கடமைகளெல்லாம் கெடவும் நிறுத்தமாட்டாமல் நெடுநாள் ஆடுவாரையே அது குறிக்கும். மறுபுறம், கிரீன், பவேலியர் என்னும் ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இத்தகைய விரைந்த ஆட்டங்கள் கண்ணின் கவனத்தைக் கூர்மையாக்கும் என்று காட்டிற்று. கண் கூர்மையானால் மனமும் கூர்மையாகும் என்று அதனாற் கொள்ளலாகாது. ஓராட்டம் அரைமணிக்கு மேல் நீளும். இடையில் எழுந்துபோதல் தோழர்க்குத் துரோகம். தோற்றபின் இன்னொன்று என்று உள்ளம் இழுக்கும். தேர்வுக்கு முன்னாள் இதனைத் தொட்டவன் கதி எமக்குத் தெரியும்.

கொலையை விளையாட்டாக்கலாமா என்பது எம்மைப் போன்றார்க்கு எளிதில் விடுபடும் வினாவன்று. முகாமிற்கு மாலைதோறும் வந்து எம் பின்னே நின்று பார்த்த அவ்வூர்ச் சிறுவன் ஒருவன், "செத்தவன் ஏன் அண்ணே மறுபடி எழுந்து வர்றான்?" என்று ஒருநாள் கேட்டான். அடுத்த சுற்று, ஆதலின் எழுந்தான் என்றோம். "அப்போ அவனுக்குக் கல்லு நடமாட்டாங்களா?" என்றான். நடுகல்லில் நிற்பவன் ஒருமுறையே மாண்டான்; அதனாலேயே பெயர் பெற்றான். திரையில் மடிவோனோ ஓராட்டத்தில் பதினெட்டு முறையும் மடிவான். எவரும் அவனுக்காக நின்று நோக்குவதில்லை. இது சதுரங்கக் காய் வெட்டுப்படுவதைப் போன்றதே என்றார் எம்முள் ஒருவர். காய்க்கு முகமில்லையே என்றார் மற்றொருவர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

முகாமின் இறுதி இரவில் 11க்கு 11 என்று நின்ற ஆட்டத்தில் அலை தடுமாறலாயிற்று. அச்சிறுவனே, "அந்தப் பாறைமேல டவர் நல்லா கிடைக்கும் அண்ணே" என்று வழிகாட்டினான். கம்பளியைப் போர்த்து, மடிக்கணினியைக் கைக்குழந்தைபோல் ஏந்திப் பாறைமேல் ஏறினோம். அதற்குள் ஒரு சுற்றுப் போயிற்று. எஞ்சிய சுற்றில் எம் தோழன் ஒருவனே உயிரோடிருந்தான், எதிரே இருவர். மாண்ட நால்வருள் முகமறியா மூவர் வடநாட்டார். அவருள் எவரும் பேசவில்லை. ஒருவர் மட்டும் படத்தில் ஓரிடத்தைக் குறியிட்டுக் காட்டினார்; அவ்விடத்திலே ஒரு பகைவன் இருந்தான்; அவன் வீழ்ந்தான். மற்றவன் எம் தோழனை வீழ்த்தினான். 13க்கு 11 எனத் தோற்றோம். "நல்லா ஆடினீங்க" என்பதற்கு இந்தியில் என்ன சொல்வது என்று எம்முள் எவர்க்கும் தெரியாமையால், அக்குறியிட்டார்க்கு நன்றி கூறாமலே திரை அணைந்தது.